விக்டோரியா காலத்தில் பப் நடத்திய முன்னோரைத் தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் பப் நடத்திய ஒருவர் உங்கள் வம்சாவளியில் இருந்தால், நீங்கள் கொடுத்துவைத்தவர். அதே காலத்து விவசாயக் கூலி ஒருவர் பிறந்தது, கல்யாணம் செய்தது, இறந்தது, பத்து வருடத்துக்கு ஒருமுறை சென்சஸில் பெயர் கொடுத்தது என்று நாலைந்து காகிதங்களில்தான் மிஞ்சுவார். பப்காரர் அப்படியில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்க வருடா வருடம் மாஜிஸ்ட்ரேட்டைச் சார்ந்திருந்தார். கடை கைமாறினால் அதற்கு ஒரு பதிவு. நேரம் கடந்து ஊற்றிக் கொடுத்தால் வழக்கு, வழக்கு நடந்தால் பத்திரிகையில் செய்தி. கடையில் கள்ள நாணயம் கொடுத்தவன் பிடிபட்டால் அவரே சாட்சி.

சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், பிரிட்டனில் சம்பந்தம் செய்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் என்று இந்தத் தேடலில் இறங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. வீட்டிலிருந்தபடியே முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம். தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆளின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவதைவிட, கடையின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். நகரங்களில் பப் நடத்தியவர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை வேறு கடைக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். கடை மட்டும் அதே தெருமுனையில், பெரும்பாலும் அதே பெயரில் நூறு வருடம் நின்றது. காகிதங்கள் சேர்ந்ததும் கடையைச் சுற்றித்தான்.

முதல் படி: ஆளை உறுதி செய்வது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி, பிறப்பு, இறப்பு அட்டவணைகளைத் தேடலாம். குழந்தையின் தாயுடைய பிறந்த வீட்டுப் பெயரும் இறந்தவரின் வயதும் அதில் இருப்பதால், ஒரே பெயரில் பத்துப் பேர் வந்தாலும் வடிகட்ட முடியும். திருமணங்களுக்கு ஃப்ரீபிஎம்டி தளம் இருக்கிறது, அதுவும் இலவசம். பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கு முழுச் சான்றிதழைவிடக் குறைந்த விலையில் படநகல் கிடைக்கும். அதுவே போதும்.

திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவருடைய தந்தையரின் தொழிலும் இருக்கும். பிறப்புப் பதிவில் குழந்தை பிறந்த இடம் என்ற கட்டத்தைக் கவனியுங்கள். பல சமயம் அங்கே பப்பின் பெயரே எழுதியிருக்கும், ஏனென்றால் குடும்பம் குடியிருந்தது கடையின் மாடியில். எல்லாப் பிள்ளைகளின் பதிவையும் வாங்கக் காசு போதாது என்றால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பாருங்கள். 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் தந்தையின் தொழிலும் வசிப்பிடமும் எழுதினார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இவற்றில் நிறைய இலவசமாகவே கிடைக்கின்றன.

அப்புறம் சென்சஸ். 1841-இல் தொடங்கி 1901 வரை பத்து வருடத்துக்கு ஒன்று. 1841 சென்சஸில் மட்டும் எச்சரிக்கை தேவை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், உறவுமுறையும் இல்லை. 1851 முதல்தான் உறவுமுறையும் பிறந்த ஊரும் ஒழுங்காக வருகின்றன.

ஒரு பப் வீட்டின் சென்சஸ் பதிவை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். 1881 ஏப்ரல் 3-ஆம் தேதி இரவு அந்த வீட்டில் தங்கியவர்கள் வரிசையாக இருப்பார்கள். குடும்பத் தலைவர், தொழில் ‘லைசென்ஸ்டு விக்சுவலர்’, அதாவது லைசென்ஸ் பெற்ற பப்காரர். மனைவி, தொழில் கட்டம் காலி. கடையைப் பாதி நேரம் பார்த்துக்கொண்டது அவர்தான் என்றாலும் கணக்கெடுத்தவர் எழுதவில்லை. பெரிய மகளுக்கு 19 வயது, பெர்மாண்ட்ஸியில் பிறந்தவள். அடுத்தவன் டெட்ஃபோர்டில், கடைக்குட்டி கிராய்டனில் என்று இருந்தால், குடும்பம் கடை மாறி மாறிப் போன பாதையே பிள்ளைகளின் பிறந்த ஊர்களில் இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கடையைத் தேடலாம். அதற்குக் கீழே ‘நீஸ்’ என்று ஒரு பெண், பார்மெய்டு வேலை, அதாவது கடையில் ஊற்றிக் கொடுக்கும் வேலை, குடும்பப் பெயர் வேறு. இவளை விட்டுவிடாதீர்கள். தலைவரின் அக்கா தங்கை மகளாகவோ, மனைவியின் கூடப்பிறந்தவர்களின் மகளாகவோ இருப்பாள். மனைவியின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க இவளே வழி காட்டுவாள். கடைசியில் பாட்மேன், அதாவது குவளைகளைச் சேகரித்துக் கழுவிய பையன், பிறகு லாட்ஜர்கள், அதாவது வாடகைக்குத் தங்கியவர்கள். இவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். ஆனால் பப் தொழில் சொந்தக்காரர்களுக்குள்ளேயே சுற்றிய தொழில். பாட்மேனின் குடும்பப் பெயர் எங்கேயாவது இடித்தால் அவனையும் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது படி: எந்த லைசென்ஸ் என்று பார்ப்பது

புதிதாகத் தேடுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எல்லாப் பப்காரரும் ஒரே ரகம் இல்லை. எந்த ஆவணத்தில் தேடுவது, எதில் தேடியும் பயனில்லை என்பதை லைசென்ஸ்தான் முடிவு செய்கிறது.

லைசென்ஸ்டு விக்சுவலர், பப்ளிகன், இன்கீப்பர் என்றெல்லாம் எழுதப்பட்டவர்கள் பொதுவாக முழு லைசென்ஸ்காரர்கள். பீர், ஒயின், ஜின், பிராந்தி எல்லாம் விற்கலாம். இவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்தவர்கள் அந்தந்தப் பகுதி மாஜிஸ்ட்ரேட்டுகள்.

பீர்ஹவுஸ் கீப்பர், பீர் ரீடெய்லர், பீர் செல்லர் என்று இருந்தால் கதை வேறு. 1830-இல் வந்த பீர்ஹவுஸ் சட்டம், வரி கட்டுகிற எந்தக் குடும்பத் தலைவரும் 2 கினி (அந்தக் காலத்துப் பணக் கணக்கு) கட்டினால் பீர் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. மாஜிஸ்ட்ரேட்டிடம் போக வேண்டாம், கலால் அலுவலகத்தில் பணம் கட்டினால் போதும். ஜின் குடியைக் குறைக்க வேண்டும், பீர் காய்ச்சும் பெரிய மதுவடி ஆலைகளின் பிடியை உடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஒரே வருடத்துக்குள் 24,000-க்கும் மேற்பட்ட கடைகள் முளைத்தன. வீட்டு முன்னறையிலேயே பீப்பாயைப் போட்டு விற்றார்கள். 1834-இல் விதியைக் கொஞ்சம் இறுக்கி, உட்கார்ந்து குடிக்கும் கடைக்கு 3 கினி, வாங்கிப் போகும் கடைக்கு 1 கினி என்று பிரித்தார்கள்.

நமக்கு முக்கியமான விஷயம் இது: 1830 முதல் 1869 வரை பீர்ஹவுஸ்காரர்களின் பெயர் மாஜிஸ்ட்ரேட்டுகளின் லைசென்ஸ் ஆவணங்களில் இருக்காது. கலால் அலுவலகத்தின் பட்டியல்களும் பெரும்பாலும் மிஞ்சவில்லை. ஆகவே அந்தக் காலத்து பீர்ஹவுஸ்காரரை லைசென்ஸ் பதிவேட்டில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சென்சஸ், டைரக்டரி, பத்திரிகை மூன்றும்தான் வழி. 1869-இல் சட்டம் மாறி அவர்களும் மாஜிஸ்ட்ரேட்டின் கட்டுப்பாட்டுக்குள் வந்தார்கள். அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பீர்ஹவுஸ்களுக்குத் தனிப் பாதுகாப்பு இருந்தது. பிற்காலப் பதிவேட்டில் ‘1869-க்கு முந்தையது’ என்ற குறிப்பைப் பார்த்தால், அந்தக் கடை குறைந்தது அந்த வருடத்திலிருந்தாவது இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பீர்ஹவுஸ் நடத்தியவர்களில் பலருக்கு வேறு தொழிலும் இருந்தது. தச்சர், செருப்புத் தைப்பவர், கசாப்புக்காரர், கொல்லர். பகலில் அவர் தன் வேலைக்குப் போக, கடையை மனைவி பார்த்துக்கொள்வார். சென்சஸில் ‘தச்சர்’ என்று மட்டும் இருப்பதைப் பார்த்து, வீட்டில் சொல்லும் பப் கதை பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது படி: டைரக்டரிகள்

சென்சஸ் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான். இடைப்பட்ட காலத்தை நிரப்புவது வியாபார டைரக்டரிகள். பிகாட், ஸ்லேட்டர், ஒயிட், கெல்லி ஆகியோர் வெளியிட்டவை முக்கியமானவை. லண்டனுக்கு போஸ்ட் ஆபீஸ் டைரக்டரி. லெஸ்டர் பல்கலைக்கழகம் இங்கிலாந்து, வேல்ஸ் டைரக்டரிகளின் பெரிய தொகுப்பை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது.

தொழில்வாரிப் பட்டியலில் பப்கள் பெரும்பாலும் கடைப் பெயரோடு, அதை நடத்துபவரின் பெயரோடு இருக்கும். பீர் ரீடெய்லர்கள் தனித் தலைப்பில், கடைப் பெயர் இல்லாமல் ஆள் பெயரும் தெருவும் மட்டும். தகவல் சேகரித்து அச்சாகி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்பதால், 1866 டைரக்டரியில் இருப்பவர் 1865-லேயே போயிருக்கலாம். கிடைக்கும் எல்லா வருடங்களையும் வரிசையாகப் பார்த்து, ஒரு கடைக்கு யார் யார் எப்போது என்று ஒரு பட்டியல் போடுங்கள். உங்கள் முன்னோருக்கு முன்னால் இருந்தவர், பின்னால் வந்தவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பல தடவை அவர் மாமனாராகவோ மருமகனாகவோ இருப்பார். லண்டன் கடைகளுக்கு இந்த வேலையில் பெரும்பகுதியைப் பப்விக்கி தளத்தில் ஆர்வலர்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். அதை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு மூல டைரக்டரியில் சரிபார்த்துவிடுங்கள்.

நான்காவது படி: கடை எங்கே இருந்தது?

ரெட் லயன், கிரவுன், ராயல் ஓக், ஒயிட் ஹார்ட் என்ற பெயர்களில் நாடு முழுக்கக் கடைகள். ஒரே ஊரில் இரண்டு மூன்று ரெட் லயன்கூட இருக்கும். அதனால் தெருப் பெயரும் பாரிஷ் (தேவாலய வட்டாரம்) பெயரும் இல்லாமல் கடைப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

லண்டனில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. 1850-களின் நடுவிலிருந்து தெருப் பெயர்களையும் கதவு எண்களையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1861-இல் 14-ஆம் எண், 1871-இல் 52-ஆம் எண் என்று இருந்தால் குடும்பம் இடம் மாறிவிட்டது என்று அவசரப்படாதீர்கள். கடைப் பெயரும் பக்கத்துக் குறுக்குத் தெருவும் அதேதானா என்று பாருங்கள். இதற்கு ஆர்டனன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசு நில அளவைத் துறையின் வரைபடங்கள் கைகொடுக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில், இங்கிலாந்துக்கும் சேர்த்து, இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் வரைந்த படங்களில் பப்ளிக் ஹவுஸுக்கும் பீர் ஹவுஸுக்கும் தனித்தனிச் சுருக்கெழுத்து போட்டிருக்கும். சில ஊர்களில் மதுவிலக்கு இயக்கத்தார் கடைகளைக் குறித்துத் தனி வரைபடமே அச்சிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கு 1883-இல் அப்படி ஒன்று வந்தது. எதிர்ப்பதற்காக வரைந்த படம் இன்று நமக்கு உதவுகிறது.

ஐந்தாவது படி: லைசென்ஸ் பதிவேடுகள்

இவை இன்னும் பெரும்பாலும் இணையத்தில் இல்லை. அந்தந்தக் கவுன்டியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லண்டனுக்கு லண்டன் ஆர்க்கைவ்ஸ். எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘டிஸ்கவரி’ என்ற பட்டியல் தளத்தில் ஊர்ப் பெயரோடு லைசென்ஸ் பதிவேடு என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். மற்ற காப்பகங்களின் இருப்பையும் அது காட்டும்.

எந்தக் காலத்துக்கு என்ன கிடைக்கும் என்பது சட்டத்தைப் பொறுத்தது. 1753 முதல் 1828 வரை, ஒழுங்காகக் கடை நடத்துவேன் என்று பப்காரர்கள் எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரங்களைப் பதிவு செய்து வைத்தார்கள். விக்டோரியா காலத்து ஆளின் அப்பாவும் இதே தொழில் என்றால் இவை பொக்கிஷம். 1828 சட்டத்தோடு அந்த நடைமுறை நின்றது. அதன்பின் 1872 வரை ஊருக்கு ஊர் வித்தியாசம். சில இடங்களில் புத்தகங்கள் உண்டு, பல இடங்களில் இல்லை. 1872-ஆம் ஆண்டு லைசென்ஸ் சட்டம் பதிவேடு வைப்பதைக் கட்டாயமாக்கியது.

1872-க்குப் பிந்தைய பதிவேட்டில் ஒரு கடைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே கடையின் பெயர், இருப்பிடம். கட்டட உரிமையாளர் யார் என்று தனியாக இருக்கும், அது பெரும்பாலும் ஒரு மதுவடி ஆலை. கீழே லைசென்ஸ்தாரர்களின் பெயர்கள், எந்தத் தேதியில் யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்பதோடு வரிசையாக இறங்கும். ஓரத்தில் தண்டனைக் குறிப்பு. குடிபோதையை அனுமதித்தது, சூதாட விட்டது, பணியில் இருந்த போலீஸ்காரருக்கு ஊற்றிக் கொடுத்தது என்று அபராதத் தொகையோடு இருக்கும். அந்தத் தேதியை அப்படியே குறித்துக்கொண்டு பத்திரிகைக்குப் போங்கள்.

காப்பகத்துக்கு நேரில் போக முடியாதவர்கள் மின்னஞ்சல் அனுப்பினால், கட்டணம் வாங்கிக்கொண்டு தேடித் தருகிற சேவை பல காப்பகங்களில் உண்டு. கடைப் பெயர், ஊர், வருட இடைவெளி மூன்றையும் தெளிவாகக் கொடுங்கள். ஆள் பெயரை மட்டும் கொடுத்தால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆறாவது படி: பத்திரிகைகள்

ஆள் உயிரோடு எழுந்து வருவது இங்கேதான். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் தளத்தில் தேடுவது இலவசம், பக்கங்களைப் படிக்கப் பெரும்பாலும் சந்தா தேவை. ஒரு மாதச் சந்தா எடுப்பதற்கு முன்னால் மேலே சொன்ன பட்டியலைத் தயார் செய்து வைத்துக்கொண்டால் காசு மிச்சம். வேல்ஸ் பத்திரிகைகள் வேல்ஸ் தேசிய நூலகத்தின் தளத்தில் முழுக்க இலவசம்.

ஆள் பெயரைப் போட்டுத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பெயரைப் பத்திரிகைகள் பலவிதமாக எழுதின, கணினி பழைய அச்சைத் தப்பாகவும் படிக்கிறது. கடைப் பெயரையும் ஊரையும் போடுங்கள். மரண விசாரணைகள், ஏலங்கள், பரஸ்பர உதவிச் சங்கக் கூட்டங்கள், கிரிக்கெட் விருந்துகள் எல்லாம் அந்தக் காலத்தில் பப்பின் மேல் அறையில் நடந்தன. ‘இன்னாருடைய வீட்டில், இந்தப் பெயர்ப்பலகையின் கீழ் விசாரணை நடந்தது’ என்ற ஒரு வரி போதும், அந்தத் தேதியில் அவர் அங்கே இருந்தார் என்று நிரூபிக்க.

லைசென்ஸ் புதுப்பிக்கும் ஆண்டுக் கூட்டத்துக்கு புரூஸ்டர் செஷன்ஸ் என்று பெயர். 1828 சட்டப்படி மிடில்செக்ஸிலும் சர்ரேயிலும் மார்ச் மாதத் தொடக்கத்தில் நடக்கும், மற்ற கவுன்டிகளில் ஆகஸ்ட் 20-க்கும் செப்டம்பர் 14-க்கும் இடையில். உங்கள் ஊர்ப் பத்திரிகையில் அந்த வாரங்களைத் தவறாமல் புரட்டுங்கள். இடைப்பட்ட மாதங்களில் கடை கைமாறும் செய்திகள் டிரான்ஸ்ஃபர் என்ற தலைப்பில் சின்ன எழுத்தில் வரும்.

லண்டன்காரர்களுக்கு மார்னிங் அட்வர்டைசர். லைசென்ஸ்டு விக்சுவலர்களின் சங்கமே 1794-இல் தொடங்கிய நாளிதழ் இது. கடை விற்பனை விளம்பரங்கள், சங்கச் செய்திகள் என்று தொழிலின் உள்விவகாரம் எல்லாம் இதில்தான்.

அரசின் அறிவிப்பு இதழான லண்டன் கெஜட்டையும் மறக்க வேண்டாம், அது முழுக்க இலவசம். இந்தத் தொழிலில் நொடித்துப்போனவர்கள் ஏராளம். கடனைத் தீர்க்க முடியாமல் சிறைக்குப் போனவர்களைப் பற்றிய அறிவிப்பில், அவர் முன்பு எந்தத் தெருவில் எந்தக் கடை, பிறகு எங்கே, அதன்பின் எங்கே, இடையில் என்ன வேலை என்று ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். கடன் கொடுத்தவர்கள் அடையாளம் காண்பதற்காகச் செய்தது அது. பத்து வருட வாழ்க்கை ஒரே பத்தியில் கிடைக்கும். குடும்பத்தில் யாருமே பேசாத ஒரு கஷ்டகாலத்தை இப்படித் தெரிந்துகொள்வது மனதைப் பிசையத்தான் செய்யும். ஆனாலும் அவர் எழுந்து இன்னொரு கடை எடுத்தாரா என்று தொடர்ந்து தேடுங்கள், பலர் எடுத்தார்கள்.

லண்டன் ஆட்கள் என்றால் ஓல்ட் பெய்லி நீதிமன்ற நடவடிக்கைகளையும் பாருங்கள். 1674 முதல் 1913 வரை, இலவசம். கள்ள நாணய வழக்குகளில் பப்காரரும் பார்மெய்டும் சாட்சிக் கூண்டில் ஏறி, ‘இந்தத் தெருவில் இந்தக் கடை நடத்துகிறேன்’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். யாருக்கு என்ன ஊற்றினார், எந்தக் காசைக் கடித்துப் பார்த்தார் என்றுகூடச் சொல்வார்கள். ஒரு பார்மெய்டு பேசிய பேச்சு அச்சில் மிஞ்சுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ஏழாவது படி: விதவைகளும் உயில்களும்

பப்காரர் இறந்தால் லைசென்ஸ் பெரும்பாலும் மனைவிக்கு மாறும். ஆகவே பதிவேட்டில் ஒரு பெண் பெயர் திடீரென்று வந்தால், அதற்கு முந்தைய சில மாதங்களில் கணவரின் இறப்பைத் தேடுங்கள். ஓரிரண்டு வருடத்தில் அதே கடைக்குப் புதிய ஆண் பெயர் வந்தால், அவர் கடையை வாங்கியவர் என்று உடனே நினைத்துவிடாதீர்கள். விதவையின் இரண்டாவது கணவராக இருக்கலாம். காணாமல் போன பாட்டிகளில் பலர் இப்படி வேறு குடும்பப் பெயரில், அதே கடையின் கல்லாப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள்.

1858 ஜனவரியிலிருந்து உயில்கள் அரசின் பொறுப்பில். அவற்றின் ஆண்டு அட்டவணையை இணையத்தில் தேடலாம். இறந்தவரின் தொழில், முகவரி, சொத்து மதிப்பு, பொறுப்பேற்றவர் யார் என்பது அட்டவணையிலேயே இருக்கும். அதற்கு முந்தைய உயில்கள் தேவாலய நீதிமன்றங்களில். தெற்கு இங்கிலாந்தின் வசதியானவர்களுடையவை பெரும்பாலும் கியூவில் கிடைக்கும்.

எட்டாவது படி: ஆலை, காப்பீடு, சங்கம்

கட்டடம் மதுவடி ஆலைக்குச் சொந்தம் என்று பதிவேட்டில் கண்டால், அந்த ஆலையின் ஆவணங்கள் எங்கே என்று டிஸ்கவரி தளத்தில் பாருங்கள். விட்பிரெட், ட்ரூமன், பார்க்ளே பெர்கின்ஸ் போன்ற பெரிய லண்டன் ஆலைகளின் ஆவணங்கள் லண்டன் ஆர்க்கைவ்ஸில் உள்ளன. குத்தகை, கடன் கணக்குகளில் உங்கள் ஆள் இருக்கலாம். சன் தீக்காப்பீட்டு அலுவலகத்தின் பழைய பாலிசிப் பதிவேடுகளும் அங்கேதான். அவற்றில் வீட்டுச் சாமான், சரக்கு, கடைத் தளவாடம் என்று தனித்தனியாக மதிப்புப் போட்டிருப்பார்கள். வயதான, வசதியிழந்த லைசென்ஸ்டு விக்சுவலர்களுக்காக 1827-இல் தொடங்கிய இல்லம் ஒன்று தென்கிழக்கு லண்டனின் பெக்கம் பகுதியில் இருந்தது. கடைசிக் காலத்து சென்சஸில் உங்கள் ஆள் அங்கே அசைலம் ரோடு என்ற முகவரியில் இருந்தால், பெயரைப் பார்த்து மனநல மருத்துவமனை என்று பதற வேண்டாம். தோட்டத்தைச் சுற்றிய சின்னச் சின்ன வீடுகள் அவை.

கடையின் உள்ளமைப்பு தெரிய வேண்டுமென்றால், விக்டோரியா காலத்தைக் கொஞ்சம் தாண்டிப் போங்கள். 1910-ஐ ஒட்டி நாடு முழுக்க நில மதிப்பீடு நடந்தது. அதன் கள ஆய்வுப் புத்தகங்கள் கியூவில் இருக்கின்றன. உரிமையாளர், குடியிருப்பவர், அறைகள், கட்டடத்தின் நிலை எல்லாம் மதிப்பீட்டாளர் கையெழுத்தில் இருக்கும். முதலில் மதிப்பீட்டு வரைபடத்தில் உங்கள் கடைக்குக் கொடுத்த எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், அந்த எண்ணை வைத்துத்தான் புத்தகத்தைக் கேட்க முடியும். கியூவுக்கு நேரில் போகிறவர்கள் வாசகர் அட்டைக்கு அடையாளச் சான்றையும் முகவரிச் சான்றையும் எடுத்துப் போங்கள். பேனாவை உள்ளே விடமாட்டார்கள், பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படம் எடுக்கலாம்.